நாடுகளின் ஆய்வுத் திறன்: முழு எண்ணிக்கையா பின்னமா, சராசரியா முதல் 10 சதவீதமா?

ஆய்வுக் கட்டுரைகளில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து இந்தியாவுக்கு மூன்றாவது இடம் என்ற செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2022-ஆம் ஆண்டுக்குப் போட்ட கணக்கில் உலகக் கட்டுரைகளில் சீனாவின் பங்கு 27%, அமெரிக்காவுடையது 14%, இந்தியாவுடையது 6%. இது ஸ்கோபஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளத்திலிருந்து, பின்ன எண்ணிக்கையில் (விளக்கம் கீழே) போட்டது; மாநாட்டுக் கட்டுரைகளும் உண்டு. இந்த மூன்றில் எதை மாற்றினாலும் சதவீதங்கள் நகரும். ஆகவே பட்டியலைப் பார்க்கும் முன் அது எந்த முறையில் எண்ணப்பட்டது என்று பாருங்கள்.

முதலில் எண்ணும் முறை. ஒரு கட்டுரைக்கு 10 ஆசிரியர்கள். 7 பேர் அமெரிக்கா, 2 பேர் இந்தியா, ஒருவர் பிரேசில். முழு எண்ணிக்கையில் மூன்று நாடுகளுக்கும் தலா 1. பின்ன எண்ணிக்கையில் 0.7, 0.2, 0.1. ஒரே ஆசிரியர் இரண்டு நாட்டு முகவரி கொடுத்திருந்தால் அவருடைய 0.1 மீண்டும் இரண்டாகப் பிரியும்.

முழு எண்ணிக்கையின் கோளாறு பெரிய கூட்டு ஆய்வுகளில் அப்பட்டமாகத் தெரியும். ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி செர்ன் ஆய்வுக்கூடத்தின் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் 2015-இல் வெளியிட்ட கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயரும் நிறுவனமும்தான். அதில் இரண்டு பேரை வைத்திருக்கும் சிறிய நாட்டுக்கும் முழுக் கட்டுரையும் அதன் மேற்கோள்கள் (மற்ற கட்டுரைகள் அதைச் சுட்டிய தடவைகள்) அத்தனையும் போய்ச் சேரும்.

இன்னொரு கோளாறு அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படாது. உலகத்தில் மூன்றே கட்டுரைகள் என்று வையுங்கள். 'அ' நாடு தனியாக எழுதியதன் தாக்கம் (உலகச் சராசரியோடு ஒப்பிட்ட மேற்கோள் அளவு) 0.5, 'ஆ' நாடு தனியாக எழுதியது 0.5, இரண்டும் பாதிப் பாதி சேர்ந்து எழுதியது 2. உலகச் சராசரி 1. முழு எண்ணிக்கையில் இரண்டு நாட்டுக்கும் (0.5 + 2) ÷ 2 = 1.25 வரும். அதாவது எல்லா நாடும் உலகச் சராசரிக்கு மேல்! பின்ன எண்ணிக்கையில் (0.5 + 1) ÷ 1.5 = 1. கூட்டுக் கட்டுரைகளுக்குப் பொதுவாக மேற்கோள் அதிகம்; அவற்றையே பல தடவை எண்ணுவதால் வரும் வீக்கம் இது. நாடுகளை ஒப்பிட பின்ன எண்ணிக்கைதான் சரி. முழு எண்ணிக்கையை, ஒரு நாடு எத்தனை கட்டுரைகளில் பங்கெடுத்தது என்று சொல்ல மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மேற்கோள்களை எப்படிச் சுருக்குவது. செல் உயிரியல் கட்டுரைக்கு விழும் மேற்கோள் கணிதக் கட்டுரைக்கு விழாது. அதனால் துறை, ஆண்டு, கட்டுரை வகை மூன்றும் ஒத்தவற்றின் உலகச் சராசரியால் வகுக்கிறார்கள். ஸ்கோபஸ் பக்கம் எஃப்.டபிள்யூ.சி.ஐ., வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளத்தை நடத்தும் கிளாரிவேட் பக்கம் சி.என்.சி.ஐ. என்ற குறியீடுகள் இதுதான். 1 வந்தால் உலக அளவு.

ஆனால் மேற்கோள்கள் சீராகப் பரவுவதில்லை. ஒரே கட்டுரை சராசரியைத் தூக்கிவிடும். பல்கலைக்கழகங்களை மேற்கோள்களால் வரிசைப்படுத்தும் லைடன் தரவரிசை 2011/2012-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் சராசரி முறையில் 2-ஆம் இடம். அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரைகளை எண்ணும் முதல் 10% முறையில் 238-ஆம் இடம். காரணம், படிகவியல் மென்பொருளான ஷெல்எக்ஸ் பற்றிய 2008-ஆம் ஆண்டுக் கட்டுரை. அதைப் பயன்படுத்தியவர்கள் எல்லாரும் மேற்கோள் காட்டியதில் 16,000-ஐத் தாண்டியது. நாட்டளவில் கட்டுரைகள் லட்சக்கணக்கில் இருப்பதால் இந்த அதிர்ச்சி குறையும். ஆனால் சிறிய நாட்டுக்கு, அதுவும் ஒரு துறையை மட்டும் பார்க்கும்போது, இதே விபத்து நடக்கும்.

ஆகவே முதல் 10% முறையையே பரிந்துரைப்பேன்: ஒரு நாட்டின் கட்டுரைகளில் எத்தனை சதவீதம், தன் துறையில் அதிகம் மேற்கோள் பெற்ற 10 சதவீதத்துக்குள் வருகிறது? 10-க்கு மேல் என்றால் நல்லது. இங்கே சிக்கல், வரம்பில் பல கட்டுரைகள் ஒரே மேற்கோள் எண்ணிக்கையில் நிற்பது. 100 கட்டுரைகளில் 6-க்கு நான்கைவிட அதிக மேற்கோள், 10-க்குச் சரியாக நான்கு என்றால், மீதி 4 இடத்தை அந்தப் பத்துக்கும் பகிர்ந்து தலா 0.4 கொடுக்க வேண்டும். பத்தையும் சேர்த்தால் 16% ஆகிவிடும்; பத்தையும் விட்டால் 6%. ஜப்பானின் அறிவியல் கொள்கை ஆய்வு நிறுவனமான நிஸ்டெப்பின் 2022 அறிக்கையில், உலகின் முதல் 1% கட்டுரைகளில் சீனாவின் பங்கு 27.2%, அமெரிக்காவுடையது 24.9% (2018–2020 சராசரி, பின்ன எண்ணிக்கை). முழு எண்ணிக்கைப் பட்டியலையும் தனியே கொடுக்கிறார்கள்; பாராட்ட வேண்டிய பழக்கம்.

தரவுத்தளம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெப் ஆஃப் சயின்ஸ் இதழ்களை வடிகட்டிச் சேர்ப்பது, ஸ்கோபஸ் அதைவிட அகலமானது, 2022-இல் வந்த ஓப்பன்அலெக்ஸ் இலவசம். ஆனால் அதில் நிறுவன முகவரி இல்லாத பதிவுகள் கணிசம். எதை எடுத்தாலும் ஆண்டுவாரியாக ஒப்பிடும்போது இதழ்த் தொகுப்பை மாற்றாமல் வையுங்கள். நடுவில் தரவுத்தளம் ஒரு நாட்டின் இதழ்களைப் புதிதாகச் சேர்த்தால், அது வளர்ச்சி மாதிரித் தெரியும்.

கடைசியாக உள்நாட்டு மேற்கோள். இத்தாலியில் 2010 சட்டத்துக்குப் பிறகு பேராசிரியர் தகுதிக்கு மேற்கோள் எண்ணிக்கை கணக்கில் வந்தது. அதன்பின் அந்நாட்டுக் கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களில் உள்நாட்டிலிருந்தே வரும் பங்கு, வளர்ந்த நாடுகளின் ஜி10 குழுவில் மற்ற எதிலும் காணாத வேகத்தில் ஏறியதை 2019-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதற்காக உள்நாட்டு மேற்கோளை அப்படியே நீக்கவும் கூடாது: பெரிய நாட்டில் அந்தப் பங்கு இயல்பிலேயே அதிகம், நீக்கினால் சீனாவும் அமெரிக்காவும் அநியாயமாகக் குறையும். நீக்கியும் நீக்காமலும் இரண்டு தடவை ஓட்டி, ஒவ்வொரு நாட்டின் பங்கும் ஆண்டுக்காண்டு எப்படி நகர்கிறது என்று பக்கத்திலேயே அச்சிடுங்கள்.