வாயுவின் வேகத்தை வைத்துக் கருந்துளையை எடைபோட: எம் 87-ஆ, எம் 106-ஆ?

கேலக்ஸி மையத்தைச் சுற்றும் வாயுவின் வேகத்திலிருந்து கருந்துளையின் நிறையைக் கணக்கிடுவது என் முதுகலைத் திட்டப்பணி. கடைசியில் மிஞ்சியவை எம் 87, எம் 106 என்ற இரண்டு கேலக்ஸிகள்தான். நான் எம் 106-ஐ எடுத்தேன். இன்று யாராவது கேட்டாலும் அதையே சொல்வேன்.

பெயரும் புகழும் எம் 87-க்குத்தான். மையத்திலிருந்து சுமார் 60 ஒளியாண்டு தள்ளி, அதன் வாயுத் தட்டின் ஒரு பக்கம் நம்மை நோக்கியும் மறுபக்கம் விலகியும் வினாடிக்குச் சுமார் 550 கி.மீ. வேகத்தில் ஓடுவதை 1994-இல் ஹபிள் தொலைநோக்கி காட்டியது. ஒளி நிறமாலை என்பதால் தொடங்குவதும் எளிது.

சிக்கல் தட்டின் சாய்வில் (முழு வட்டமாகத் தெரிந்தால் 0 பாகை, விளிம்பு மட்டும் தெரிந்தால் 90). டாப்ளர் பெயர்ச்சி, அதாவது நகரும் வாயுவின் ஒளியில் வரும் அலைநீள மாற்றம், நம் பார்வைக் கோட்டில் உள்ள வேகத்தை மட்டுமே தரும். உண்மை வேகம் வேண்டுமென்றால் சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பால் வகுக்க வேண்டும். நிறையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் பிழையும் வர்க்கமாகிறது. சாய்வு 42 பாகை என்று வைத்த இடத்தில் உண்மையில் 30 பாகை இருந்தால், நிறை ஏறக்குறைய 1.8 மடங்காகிவிடும். போதாததற்கு அங்குள்ள வாயு கொந்தளிப்பானது. ஈர்ப்புக்கு மட்டும் கட்டுப்பட்டு வட்டமாகச் சுற்றுகிறது என்று நம்பிவிட முடியாது. 2013-இல் வாயுவை வைத்துக் கிடைத்த நிறை சுமார் 350 கோடிச் சூரியன்கள். விண்மீன்களின் ஓட்டத்தை வைத்து 2011-இல் வந்தது 660 கோடி. 2019-இல் வெளியான கருந்துளை நிழற்படம் 650 கோடி என்றது. வாயுக் கணக்கு தந்தது ஏறக்குறைய அதில் பாதிதான்.

எம் 106-இல் இந்தத் தலைவலி அநேகமாக இல்லை. அங்கே நீராவி மேசர்கள் (லேசர் போல, ஆனால் ரேடியோ அலையில் ஒளிரும் வாயுத் திட்டுகள்) 22 கிகாஹெர்ட்ஸில் ஒளிர்கின்றன, தட்டு கிட்டத்தட்ட விளிம்பைக் காட்டி நிற்கிறது. சாய்வு 82 பாகைக்குப் பதில் 77 என்று வைத்தாலும் நிறை மூன்று சதவீதம்தான் மாறும். தட்டு சற்று வளைந்திருப்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு மேசரின் இடமும் ரேடியோ குறுக்கீட்டளவியில் (பல ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்துப் பார்க்கும் முறை) தனித்தனியாகத் தெரிவதால் அந்த வளைவையும் கணக்கில் சேர்த்துவிடலாம். மையத்திலிருந்து 0.14 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) தொலைவில் வேகம் வினாடிக்குச் சுமார் 1,100 கி.மீ.; இருமடங்கு தொலைவில் சுமார் 780. தொலைவின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வேகம் குறையும் என்று கெப்ளர் விதி சொல்வதும் இதைத்தான். விடை சுமார் 4 கோடிச் சூரிய நிறை.

இன்னொன்று: மையத்துக்கு முன்னால், நமக்கு நேர் எதிரே தெரியும் மேசர்களின் பார்வைக் கோட்டு வேகம் ஒவ்வோர் ஆண்டும் வினாடிக்குச் சுமார் 9 கி.மீ. கூடிக்கொண்டே போகிறது. இந்த முடுக்கத்தை வைத்து, வேறு அளவுகோல் எதையும் நாடாமல் கேலக்ஸியின் தூரமே கிடைத்துவிடுகிறது: சுமார் 2.5 கோடி ஒளியாண்டு. நிறைக் கணக்குக்குத் தேவையான தூரத்தை அதே தட்டே தருவது எனக்குப் பெரிய நிம்மதி.

சரி, குறை இல்லாமலா? இப்படி விளிம்பு காட்டும் மேசர் தட்டுகள் அபூர்வம். எம் 106-இல் கற்றதை அடுத்த கேலக்ஸிக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. அப்புறம், ரேடியோ தரவைச் சீர்செய்யும் வேலையை நான் தொடவே இல்லை. வெளியான இட, வேக அளவீடுகளிலிருந்துதான் தொடங்கினேன். அந்த முதற்கட்டம் எவ்வளவு கடினம் என்று அதைச் செய்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

எம் 87-தான் வேண்டும் என்றால் ஒரே சாய்வை வைத்து ஒரே நிறையைச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். 25 முதல் 45 பாகை வரை மாற்றி மாற்றி ஓட்டி, வரும் நிறைகள் அத்தனையையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள்.