கடற்காற்றில் ஐந்து வருடம்: வெள்ளவத்தைச் சமையலறையில் நாலு கத்திகள்

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம். யன்னல் கம்பிக்கு வருடம் ஒருமுறை பெயின்ற் அடிக்காவிட்டால் கையோடு உதிர்ந்து வரும். அந்த வீட்டில் ஐந்து வருடமாக நல்ல உருக்குக் கத்திகளை வைத்து மாரடித்த அனுபவம் இது. கத்தி வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது கடினத்தன்மை எண்ணை, அதாவது றொக்வெல்லை. நானும் அதைத்தான் பார்த்தேன். கொழும்புக்கு அது போதாது என்று காசு கரைந்த பிறகுதான் விளங்கியது.

முதல் வாங்கியது டி2 என்ற வகை உருக்கில் செய்த கத்தி. குரோமியம் 12 வீதம் என்று பெட்டியில் போட்டிருந்தது. பிறகென்ன, துரு வராது என்று நம்பி மீனுக்குப் பாவித்தேன். ஒருநாள் இரவு கழுவிவிட்டுத் துடைக்க மறந்துபோனேன். காலையில் பார்த்தால் பிடியோரம் மிளகாய்த்தூள் தூவினமாதிரிச் செம்புள்ளிகள். டி2இல் கரி (கார்பன்) 1.5 வீதமளவில் இருக்கிறது. அது குரோமியத்தில் நல்ல பங்கைப் பிடித்துக் கார்பைடாக்கிவிடும், அதாவது கரியும் உலோகமும் சேர்ந்த கடினமான துணிக்கைகளாக்கிவிடும். அப்படிக் கட்டுண்ட குரோமியம் கூர் தேய்வதைத்தான் தடுக்கும். துருவைத் தடுப்பது இரும்பில் கரைந்து நிற்கும் மிச்சம் மட்டுமே. அந்த மிச்சம் எவ்வளவு என்று எந்தப் பெட்டியிலும் அச்சடிப்பதில்லை.

அடுத்தது ஜப்பானிய நீல உருக்கு, அஓகாமி 2. நீலம் என்பது உருக்கின் நிறமல்ல, அதில் ஒட்டும் காகிதத்தின் நிறம். குரோமியம் அரை வீதத்தைத் தாண்டாது, கூடவே கொஞ்சம் டங்ஸ்டன். இதுபோலக் கூர் ஏறுகிற கத்தியை நான் வேறு கண்டதில்லை. ஆயிரம் நம்பர் கல்லில் பத்து நிமிடம் போதும், சின்ன வெங்காயம் நசியாமல் கண்ணாடித் தாளாக விழும். ஆனால் தேசிக்காயோ மாங்காயோ பட்டால், வெட்டி முடியமுன் அலகில் ஊதாவும் கறுப்பும் படரும். முதல் மாதம் மாங்காய்ச் சம்பலில் இரும்பு வாடை அடித்தது. கறுப்புப் படை நன்றாகப் பிடித்தபிறகு அது நின்றது.

நான் யாழ்ப்பாணம் போயிருந்த சமயம், வீட்டில் இந்தக் கத்தியைத் தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். தண்ணீர் காட்டாத சக்கரம். திரும்பி வந்து பார்த்தால் நுனி ஒரு அங்குலம் மயில் கழுத்து நிறத்தில் இருந்தது. நீல உருக்கு உண்மையிலேயே நீலமாகிவிட்டது! கரி உருக்கு அந்த நிறத்துக்கு வர ஏறக்குறைய 300 பாகை சூடு ஏறவேண்டும். அந்தச் சூட்டில் பதம் இறங்கிவிடும். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை, அவரிடம் வருவதெல்லாம் லொறி வில்லுத்தகட்டில் அடித்த மன்னாக் கத்திகள். (சோழகக் காற்றையே துருத்தியாக்கி, சமனலவெவ மலைச்சரிவில் உயர்கரி உருக்கு எடுத்த நாடு இது. 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரையான உலைகள் அங்கே அகழ்ந்தெடுக்கப்பட்டன. இன்றைக்கு ஒரு நல்ல கத்திக்கு நான் தொரொன்ரோவிலிருக்கும் மச்சானைக் கெஞ்சவேண்டியிருக்கிறது.)

மூன்றாவது எஸ்ஜி2, தூள் உருக்கு. உருகிய உருக்கைத் தூளாகச் சிதறடித்து, பிறகு சூட்டோடு அழுத்தி ஒன்றாக்குவார்கள். அதனால் கார்பைடுகள் பொடியாக, சீராகப் பரவியிருக்கும். றொக்வெல் 63. மூன்று மாதம் கல்லைத் தொடவில்லை, துருவும் இல்லை. அந்தத் திமிரில், ஐஸ் விடாத அறக்குளாவின் நடுமுள்ளில் ஓங்கிப் போட்டேன். அலகில் மூன்று பற்கள் போய்விட்டன. அம்மா கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, உந்தக் கத்தி மீனை வெட்டினதோ, மீன் கத்தியை வெட்டினதோ?” என்று கேட்டா.

மச்சான் இரண்டு வருடத்துக்கு முன் கொண்டுவந்தது மக்னாகட். லாரின் தோமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து 2021இல் வெளிவந்த உருக்கு. குரோமியம் 10.7 வீதம்தான், டி2ஐ விடக் குறைவு! ஆனால் கரியை வனேடியம், நையோபியம் என்ற வேறு இரண்டு உலோகங்கள் பிடித்துக்கொள்வதால் குரோமியம் கரைந்தபடியே நிற்கும். நம்பாமல், ஒருநாள் வேண்டுமென்றே தேசிக்காய்ப் புளியும் உப்பும் பூசி இரவு முழுக்க விட்டேன். காலையில் ஒரு புள்ளி இல்லை. இதற்கும் ஒரு தொல்லை உண்டு. வனேடியம் கார்பைடு சாதாரண அலுமினியம் ஒக்சைட்டுக் கல்லைவிடக் கடினமானது. என் பழைய கல்லில் அரை மணித்தியாலம் தேய்த்தும் ஒழுங்காக ஏறவில்லை. வைரத் தட்டு வாங்கவேண்டி வந்தது, அதுவும் தொரொன்ரோவிலிருந்துதான்.

திரும்ப வாங்குவதென்றால் மீனுக்கும் புளிக்கும் மக்னாகட், மரக்கறிக்கு நீல உருக்கு. எஸ்ஜி2 நல்லதுதான், ஆனால் முள்ளும் தேங்காயும் புழங்கும் வீட்டில் அதற்குத் தனிக் காவல் வேண்டும். அம்மாவோ ஐம்பத்தாறு றொக்வெல் ஜேர்மன் கத்தியைக் கோப்பையின் அடியில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, எனக்கு முன்னமே கறியை அடுப்பில் ஏற்றிவிடுவா. டி2 இப்போது பார்சல் பெட்டி உடைக்கிறது.