வாக்காளர் சிறப்பு முகாம், சோழிங்கநல்லூர்: 4/5

நாகப்பட்டினம் பக்கத்துக் கீழ்வேளூரிலிருந்து சென்னைக்குக் குடிமாறி வந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை, முகவரி மாற்றத்துக்கான படிவம் 8-ஐ எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். பள்ளிக்கூட பெஞ்சில் இருந்த அங்கன்வாடி அக்கா, கரண்ட் பில்லைப் பார்த்தபடியே என் பெயரிலிருந்த எழுத்துப்பிழையையும் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார். பத்தே நிமிடம். தாராளமாகப் போகலாம்.

வருத்தம் வேறு இடத்தில். 2021 தேர்தலில் கீழ்வேளூரில் வாக்காளர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. இங்கே 6 லட்சத்துக்கும் மேல். இரண்டுக்கும் ஆளுக்கொரு எம்.எல்.ஏ.தான். 2001 கணக்கெடுப்பை வைத்து 2008-இல் போட்ட தொகுதி எல்லை அப்படியே இருக்கிறது, இங்கே ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டே போகின்றன. ஊரில் அப்பா எம்.எல்.ஏ.வை டீக்கடையிலேயே பிடித்து வாய்க்கால் தூர்வாரச் சொல்லிவிடுவார். அந்த நெருக்கம் ஊருக்கு வேண்டும், குறைக்கவே கூடாது. ஆனால் தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும் எங்கள் தெருவுக்கும் அது வேண்டாமா? ஒரு மதிப்பெண் அதற்காகத்தான் குறைத்தேன்.