காந்தஹார் எம்பிராய்டரி ஷால்: வேலைப்பாடு அருமை, விற்கிற விதம் சரியில்லை

ஆழ்வார்பேட்டையில் நடந்த கைவினைக் கண்காட்சியில் ஆப்கானிஸ்தான் பொருட்களுக்கென்று ஒரு ஸ்டால் இருந்தது. பாதாம், உலர்ந்த அத்தி, கம்பளம், அப்புறம் ஒரு ஓரத்தில் காந்தஹாரின் 'காமக்' எம்பிராய்டரி போட்ட ஷால்கள். ஒன்று வாங்கினேன், 4,500 ரூபாய்.

துணியில் குறை சொல்ல எதுவும் இல்லை. பருத்தியில் பட்டு நூல் வேலை. கட்டமும் நட்சத்திரமுமாக வரும் இந்த டிசைனைத் துணியின் இழையை எண்ணி எண்ணிப் போடுகிறார்கள். திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில் ஒரு முடிச்சு, ஒரு பிசிர் கண்ணில் படவில்லை. கையால் அலசினேன், சாயம் இறங்கவில்லை. நம்ம ஊர் வெயிலுக்கும் தோளில் கனக்காது.

யார் தைத்தது என்று கேட்டேன். "அங்க வீட்டுப் பொம்பளைங்க போடுறதுதான் மேடம், எங்களுக்கு ஏஜென்ட் கொடுப்பார்" என்றார் ஸ்டாலில் இருந்தவர். தைத்தவர்களுக்கு எவ்வளவு போகிறது? தெரியாதாம். அட்டையில் கம்பெனி பேர் மட்டும் கொட்டை எழுத்தில்.

எனக்கு இது ரொம்பவே உறுத்துகிறது. அங்கே பெண் பிள்ளைகள் சின்ன வயதிலேயே ஊசி பிடிக்கிறார்கள், நிச்சயமானதும் மாப்பிள்ளை சட்டைக்குப் பூவேலை செய்து தர வேண்டும், அதே கல்யாணத்தில் மாப்பிள்ளை வீடு கொடுக்கும் 'வல்வர்' பணமோ பெரும்பாலும் அவளுடைய அப்பா கைக்குத்தான் போகிறது. கணவன் செத்துவிட்டால் கொழுந்தனைக் கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். மாட்டேன் என்று பிறந்த வீட்டுக்குக் கிளம்பினால் பல குடும்பங்களில் பிள்ளைகளை விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கொலைப் பகையைத் தீர்க்க எதிரி வீட்டுக்குப் பெண்ணைக் கொடுக்கும் 'பாத்' வழக்கத்தை 2009-இல் சட்டம் குற்றமாக்கியது, ஆனாலும் அது ஒழியவில்லை. 2021-இல் தாலிபான் மறுபடி ஆட்சிக்கு வந்த பிறகு ஆறாம் வகுப்போடு படிப்பும் நின்றுவிட்டது. வெளியே போய்ச் சம்பாதிக்க வழியில்லாதவளுக்குத் தன் கையால் வரும் காசு இந்த ஊசியில்தான், அதையும் கடைக்குக் கொண்டுபோய் விற்பது வீட்டு ஆண்தான்.

நம் பாட்டிகள் தாத்தா பேரைச் சொல்ல மாட்டார்கள். அங்கே மனைவி பேரை, அம்மா பேரை வெளியாள் முன்னால் சொல்வதை ஆண்கள் மானக்கேடாக நினைக்கிறார்கள், கல்யாணப் பத்திரிகையில் கூட மணப்பெண் பேர் இருக்காது. லாலே உஸ்மானி போன்ற பெண்கள் வருடக்கணக்கில் போராடித்தான் 2020-இல் அடையாள அட்டையில் அம்மா பேரும் வரச் சட்டத்தைத் திருத்த வைத்தார்கள்.

இன்றைக்கு இருக்கும் நிலையில் தைத்தவள் பேரை அட்டையில் போட்டால் அவளுக்கே ஆபத்தாகலாம். சரி, கூலியைப் போடலாமே? இந்த 4,500-இல் அவளுக்கு இவ்வளவு என்று ஒரு வரி. ஷாலை வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன், வாங்காவிட்டால் அந்தக் காசும் நின்றுவிடும். வாங்கும்போது தைத்தவளுக்கு எவ்வளவு என்று கேளுங்கள், நாலு பேர் கேட்டால் ஏஜென்ட் காதுக்குப் போகும்.

வேலைப்பாட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, ஸ்டாலுக்கு இரண்டு. ஜிபே எடுத்துக்கொள்கிறார்கள், பில் மட்டும் கேட்டால்தான் தருகிறார்கள்.