பம்ப்ல பவர் ஏத்தித் தர்றேன்னு சொல்ற பட்டறைக்காரன்கிட்ட ஏமாந்துட்டேன், 85,000 போச்சு

கை இன்னும் நடுங்குது. எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. 85,000! எஞ்சினுக்கு ஆகப்போற செலவு இதுல சேர்த்தி இல்ல, வெறும் டீசல் பம்ப் வேலைக்கு மட்டும். இந்த வேலை செய்ய நினைக்கிறவங்க என்னென்ன பாக்கணும்னு கடைசியில வரிசையா சொல்றேன், முதல்ல நடந்ததைக் கேளுங்க.

என்னோடது ஆறு சிலிண்டர், டர்போ வச்ச பழைய லாரி. கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது, இன்லைன் பம்ப்தான், அதாவது சிலிண்டருக்கு ஒண்ணா வரிசையா நின்னு டீசலைத் தள்ளுற பழைய வகை. லோடோட மேடு ஏறினா கியரை இறக்கி இறக்கியே உயிர் போகும். அப்பதான் பம்ப் வேலை மட்டும் பாக்குற ஒரு பட்டறையோட வீடியோ கண்ணுல பட்டுச்சு. பேர் வேண்டாம். போனா, "இழுவை ஏறும், மைலேஜ் குறையாது"ன்னு பட்டறைக்காரர் பேசினார். அங்கேயே எழுந்து வந்திருக்கணும். மேடு ஏறுறப்ப டீசலை அதிகமா ஊத்தாம கூடுதல் இழுவை எங்கிருந்து வரும்?

நான் விழுந்த இடம் எதுன்னா, அந்த ஈயச் சீல். கம்பெனியில அளவு வச்சு முடிச்சதும், அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம்னு கட்டுப்படுத்துற ஃபுல் லோடு ஸ்க்ரூவை யாரும் தொடக்கூடாதுன்னு கம்பி கட்டி சீல் வச்சிருப்பாங்க. அதை என் கண் முன்னாடியே வெட்டினார். "பாருங்க அண்ணே, இதுவரைக்கும் யாரும் கை வைக்காத பம்ப், நான்தான் முதல் ஆள். என் சொந்த வண்டி மாதிரி பாத்துக்கிறேன்"னார். அப்புறம் துணியை விரிச்சு ஆறு புது எலிமெண்ட்டை (பம்புக்குள்ள ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலைத் தள்ளுற பாகம்) வரிசையா வச்சார். கண்ணாடி மாதிரி மின்னுச்சு. மனசு நிறைஞ்சு போய் 85,000-ஐ அங்கேயே எண்ணிக் குடுத்தேன். ரசீதுல "பம்ப் வேலை"ன்னு ரெண்டே வார்த்தை. அதையும் கேள்வி கேக்கல, மடிச்சுப் பையில வச்சுக்கிட்டேன். முட்டாள்.

முதல் ரெண்டு நாள் வண்டி பறந்துச்சு, அதை மறைக்கல. ஆனா மிதிச்சா பின்னாடி வர்ற வண்டி தெரியாத அளவுக்குக் கறும்புகை. போன் பண்ணினேன். "பம்ப் செட் ஆகட்டும் அண்ணே, கொஞ்சம் ஓட்டுங்க." அடுத்த வாரம் பாத்தா ஆயில் அளவு ஏறியிருக்கு, டீசல் வாசனை அடிக்குது. "டீசல்ல தண்ணி கலந்திருக்கும்." பத்தாம் நாள் முழு லோடுல நீள மேட்டுல நாலாவது சிலிண்டர் அடிக்க ஆரம்பிச்சு வண்டி நின்னுச்சு. "டிரைவர் மிதிச்சு ஓட்டியிருப்பான்." யோவ், டிரைவரே நான்தான்யா!

வேற ஒரு பெரியவர்கிட்ட பம்பைக் கொண்டுபோனேன். பம்பைத் தனியா ஓட்டி டீசலை அளக்குற பெஞ்ச்ல ஏத்தி ஓட்டினார். அஞ்சு அளவுக் குழாய்ல டீசல் ஏறக்குறைய சமமா நிக்குது, நாலாவதுல மட்டும் தனியா ஏறி நிக்குது. திறந்தா உள்ள இருக்கிறது என் பழைய எலிமெண்ட்டேதான்! துணியில விரிச்சுக் காட்டினது வெறும் காட்சிக்கு. அந்தப் பட்டறைக்காரன் பண்ணினது இவ்வளவுதான்: ஃபுல் லோடு ஸ்க்ரூவைத் திருகியிருக்கான், டர்போ காத்து ஏறுற வரைக்கும் டீசலைக் கட்டுப்படுத்துற டயாஃப்ரத்தோட ஸ்ப்ரிங்கைத் தளர்த்திவிட்டிருக்கான், மேல கழட்டி மாட்டினப்ப நாலாவது எலிமெண்ட்டோட வெளிக்கூடான பாரலை மத்ததோட திரும்ப சமப்படுத்தல. காத்துக்கு மீறி டீசல் போனா சூடு பிஸ்டன் தலையில. அலுமினியம் 660 டிகிரியில உருகிடும், அதுக்கு ரொம்ப முன்னாடியே வலு இழந்துடும். டர்போவுக்கு முன்னாடி புகைச் சூடு 700 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் நின்னாலே ஆபத்துன்னார் பெரியவர். என் வண்டியில அந்த மீட்டரே இல்ல.

பட்டறைக்காரன்கிட்ட நேர்ல போய்க் கேட்டேன். பம்பைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? "சீல் உடைஞ்சிருக்கே அண்ணே. வேற யாரோ கை வச்சிருக்காங்க. நான் பொறுப்பு இல்ல." என் கண் முன்னாடி வெட்டினவனே இவன்தான்! இப்ப கூப்பிட்டா "ஓனர் வெளியே போயிருக்கார்"னு சொல்றான், அதே குரல்ல. 85,000 வாங்கின அதே குரல்.

சரி, சொன்னபடி. பழைய எலிமெண்ட்டைக் கையில வாங்காம காசு குடுக்காதீங்க. பெஞ்ச்ல ஓட்டின அளவை ஆறு சிலிண்டருக்கும் தனித்தனியா எழுதி வாங்குங்க. டர்போவுக்கு முன்னாடி சூடு காட்டுற மீட்டர் மாட்டாம ஸ்க்ரூவைத் தொட விடாதீங்க. ஆங், புதுசா சீல் வச்சுக் குடுக்கச் சொல்லுங்க. இன்னும் ரெண்டு மூணு இருந்துச்சு, இப்ப ஞாபகம் வரல. எஞ்சின் ஹெட் இறக்கினவர் கூப்பிடுறார், பிஸ்டன் ஓடுற லைனரும் கோடு விழுந்திருக்காம்.