கவரிங் செம்பும் அசல் செம்பும்: டர்பனில் கிடைக்கும் ஸ்பீக்கர் கேபிள்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஸ்பீக்கர் கேபிள் என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று சுருள்கள் மேசைக்கு வரும். சிவப்பும் கறுப்பும் ஒட்டிய மெல்லிய 0.75 ரிப்கார்டு (எண், கம்பியின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்). கண்ணாடி போன்ற உறைக்குள் தகதகவென்று மின்னும் 2.5. பிறகு, பார்வைக்கு அதே மாதிரி, ஆனால் 'ஓ.எஃப்.சி' (ஆக்சிஜன் நீக்கிய செம்பு) என்று அச்சிட்டு விலை கூட்டிய இன்னொரு 2.5. நான்காவதாக ஒன்று உண்டு. அது ஆடியோ கடையில் இருக்காது, ஹார்டுவேர் கடையில் வெள்ளைச் சுருளாகத் தொங்கும்: கேப்டயர், அதாவது கனத்த உறை போட்ட, வளையும் கரண்டு ஒயர். காசுக்குப் பெறுமதி என்று பார்த்தால் அதுதான் முதலிடம். கவனமாக இருக்க வேண்டியது அந்தத் தகதகக்கும் இரண்டாவது.

அது பெரும்பாலும் சி.சி.ஏ: அலுமினியக் கம்பிமேல் செம்புத் தோல். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் கவரிங் நகை. கவரிங் போடுவதில் தப்பில்லை, கவரிங் என்று சொல்லி விற்றால். மின்சாரத்தைக் கடத்துவதில் அது செம்பின் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் கீழே நிற்கும். ஆக 2.5 சதுர மில்லிமீட்டர் சி.சி.ஏ, உண்மையில் 1.6 செம்புக்குச் சமம். 2.5-க்கு விலை கொடுத்து 1.6 வாங்கி வருகிறீர்கள்.

கடையிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு இழையைப் பிரித்துக் கத்தி முனையால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். (வெள்ளீயம் பூசிய செம்பு இதற்கு நேர்மாறு: வெளியே வெள்ளி, உள்ளே சிவப்பு. அதை ஒதுக்க வேண்டாம், கடற்கரைக்கு அது நல்லது.) தராசு இருந்தால் இன்னும் சுலபம். 10 மீட்டர் 2 × 2.5 அசல் கேபிளில் செம்பு மட்டும் ஏறக்குறைய 450 கிராம் இருக்கும், சி.சி.ஏ-வில் உலோகம் 200 கிராமைத் தொடாது. இழைகளையும் எண்ணிப் பாருங்கள். 0.25 மி.மீ. இழை 50 இருந்தால் 2.5, 30 தான் இருக்கிறது என்றால் அது 1.5, உறைதான் பருமன்.

தடிமன் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரே கணக்கு போதும். போய் வரும் இரண்டு கம்பிகளையும் சேர்த்த மின்தடை, ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது: 8 ஓமுக்கு 0.4, 4 ஓமுக்கு 0.2. 0.75 செம்பு என்றால் ஒரு மீட்டருக்கு 0.026 ஓம், 1.5 என்றால் 0.0133, 2.5 என்றால் 0.008. கேபிளின் நீளத்தை இரட்டித்துப் பெருக்குங்கள். அந்த எளிய ரிப்கார்டே 8 ஓம் ஸ்பீக்கருக்கு 7 மீட்டர் வரை தாராளம். 4 ஓமுக்கு 4 மீட்டர்கூடப் போகாது. 1.5 செம்பு 4 ஓமுக்கு 7 மீட்டர் தாங்கும், 2.5 செம்பு 12 மீட்டர். சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ சாதாரண முன்னறைக்கு 1.5-க்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். பாம்புத் தடிமனில், வெல்வெட் பெட்டியில் வரும் கேபிள்கள் இந்தக் கணக்கில் எதையும் மாற்றுவதில்லை. 'ஓ.எஃப்.சி' என்ற எழுத்துக்காகவும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். சாதாரண மின்கம்பிச் செம்புக்கும் அதற்கும் கடத்துதிறனில் வித்தியாசம் ஒரு சதவீத அளவுதான். அந்த எழுத்தால் ஒரு பயன் உண்டு: சி.சி.ஏ இல்லை என்று கடைக்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்ட மாதிரி.

சத்தம் கெடுவது கம்பியின் நடுவில் அல்ல, முனையில். சி.சி.ஏ-வின் பெரிய குறையும் அங்கேதான். திருகுக்கடியில் அலுமினியம் மெல்ல மெல்ல நசுங்கி விலகும். இன்று இறுக்கியது சில மாதத்தில் தளரும். இசிப்பிங்கோ, உம்ஹ்லாங்கா போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று வேறு. வெட்டிய முனையில் செம்பும் அலுமினியமும் ஈரத்தோடு சேர்ந்தால் வெள்ளைப் பொடி பூக்கும், ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடும். அசல் செம்பும் பச்சை பிடிக்கும்தான், குறிப்பாகக் கண்ணாடி உறைக்குள். ஆனால் 3 சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டுப் புது முனை சீவினால் சரியாகிவிடும். 10 முதல் 12 மி.மீ. வரை சீவினால் போதும்; ஒரு இழைகூட வெளியே நீட்டிப் பக்கத்து முனையைத் தொடக்கூடாது, தொட்டால் ஆம்ப்பின் அவுட்புட் பகுதி போய்விடலாம். பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) சாப்பிட்ட கையோடு இந்த வேலையில் இறங்காதீர்கள். மட்டன் குழம்பின் எண்ணெயும் உப்பும் செம்புக்கு ஆகாது, பிறகு மாதக்கணக்கில் மசாலா வாசனையும் போகாது.

கேப்டயருக்கு வருவோம். இரண்டு கம்பி உள்ள 1.5, எஸ்.ஏ.பி.எஸ். (தென்னாப்பிரிக்கத் தர நிறுவனம்) முத்திரை போட்டது, எந்த மின்சாமான் கடையிலும் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். உள்ளே பழுப்பு, நீலம்: பழுப்பைப் பிளஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு ஸ்பீக்கரிலும் அப்படியே. உறை கனமானது, கதவிடுக்கில் மாட்டினாலும் சட்டென்று அறுபடாது. அழகில்லை, விறைப்பு அதிகம், கம்பளத்துக்கடியில் மேடு தட்டும். பெரிய ஆபத்து வேறு: பார்த்தால் கரண்டு ஒயர் போலவே இருக்கிறது. வீட்டில் யாராவது மறுமுனையில் மூன்று முள் பிளக் மாட்டிவிட்டால் ஆம்ப்பும் போகும், ஆளுக்கும் ஆபத்து. இரண்டு முனையிலும் 'ஸ்பீக்கர்' என்று எழுதி ஒட்டுங்கள்.

ஸ்பீக்கர் கேபிள் முனையில் மாட்டும் ஒற்றை முள் பனானா பிளக்கிலும் இதே மாதிரி ஒரு பொறி. அதன் முள் 4 மி.மீ., சுவர் சாக்கெட்டில் மாட்டும் ஜானஸ் கப்ளர் என்ற மல்ட்டிபிளக்கில் உள்ள சின்ன இருமுள் துளையும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஆம்ப்பிலிருந்து கழன்று கிடக்கும் பனானாவைக் குழந்தை அங்கே செருகிவிடலாம். சின்னவர்கள் உள்ள வீட்டில் வெறும் கம்பியையே திருகில் இறுக்குவது மேல்.

கேபிளை மாற்றினால் இரைச்சல் போய்விடும் என்று சொல்லி விற்பார்கள். 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' சத்தத்துக்கு ஸ்பீக்கர் கேபிள் காரணமே அல்ல. டி.எஸ்.டிவி பெட்டிக்குப் பின்னால் போய் டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு எர்த் வழிகளுக்கிடையே சுற்றும் கரண்டு. பெட்டியிலிருந்து ஆம்ப்புக்கு ஆப்டிகல் கேபிள் போட்டால் தீர்ந்தது. பிளக்கின் எர்த் முள்ளை வெட்டும் வைத்தியம் வேண்டவே வேண்டாம். லோட் ஷெடிங் நேரத்தில் மட்டும் ஆம்ப்பே உறுமினால், மலிவு இன்வெர்ட்டரின் படிக்கட்டு அலைதான் டிரான்ஸ்பார்மரை அதிரவைக்கிறது. அதற்கு, வழவழப்பான அலை தரும் ப்யூர் சைன் இன்வெர்ட்டர்தான் வழி.

தடித்த கேபிள்மேல் ஆசை இருந்தால் அதைக் கராஜில் காட்டலாம். 8 ஓமில் 50 வாட் பாடும்போது கம்பியில் ஓடுவது 2.5 ஆம்பியர், 5 மீட்டர் 2.5 செம்பில் அரை வாட் சூடு. அதே வீட்டில் மின்சாரக் காரை 10 மீட்டர் 1.5 எக்ஸ்டென்ஷன் வழியாக 10 ஆம்பியரில் சார்ஜ் போட்டால் கம்பியில் 27 வாட் சூடு, அதுவும் விடிய விடிய. 16 ஆம்பியர் இழுத்தால் 68 வாட். சுருட்டி வைத்த ரீலில் அந்தச் சூட்டுக்கு வெளியேற வழியில்லை, உறை இளகி ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்டென்ஷன் இல்லாமல் நேராகச் சுவரில் செருகுவதே நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் 2.5 கேப்டயர் எடுத்து, சுருளை முழுக்கப் பிரித்துப் போட்டு, அரை மணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்து வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சாக்கெட்டை மாற்றுங்கள்.