மதர்போட் மாற்றியதாக 32,500 ரூபா வாங்கினார்கள், மாற்றவே இல்லை

கல்லடியில் அரிசி, மா மொத்தமாகக் கொடுக்கும் கடை எங்களுடையது. கார்பன் வைத்து மூன்று கொப்பி எடுக்க வேண்டும் என்பதால் பில் எல்லாம் டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரில்தான், அதன் பழைய வகை வயரைச் செருகுவதற்காகவே கொம்பியூட்டருக்குள் ஒரு பெரலல் போர்ட் காட் போட்டிருக்கிறோம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்ததால் 11க்கு மாறினேன். அன்றைக்குப் பிடித்தது சனி. மவுஸ் விட்டு விட்டு ஓடும், பாட்டுப் போட்டால் கரகரக்கும், ஒரு பில் வருவதற்குள் வாசலில் சாமான் ஏற்ற வந்த லாண்ட்மாஸ்டர் இரண்டு மூன்று சேர்ந்துவிடும்.

டவுனில் ஒரு றிப்பெயார் கடைக்குக் கொண்டுபோனேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "அண்ணன், மதர்போட் போயிட்டு, 11ஐத் தாங்காது" என்றார். மூன்று நாள் கழித்து 32,500 ரூபா. பழைய போட் எங்கே என்றதற்கு எறிந்தாச்சாம். பில் என்று தந்தது ஒரு துண்டுக் கடதாசி, "போட் மாற்றியது" என்று கையால் எழுதி.

கொண்டுவந்து போட்டால் பறக்கிறது. சரி, காசு போனாலும் வேலை நடந்ததே என்று பிரிண்டருக்காக அந்தப் பெரலல் போர்ட் காட்டோடு வந்த பழைய சீடியில் இருந்து டிரைவரை, அதாவது காட்டை விண்டோஸ் இயக்குவதற்கான மென்பொருளைப் போட்டேன். உடனே அதே கரகரப்பு, அதே இழுவை. அவர்கள் செய்தது விண்டோஸைப் புதிதாகப் போட்டது மட்டும்தான், காட்டுக்கு டிரைவர் இல்லாததால் இடையில் நன்றாக ஓடியிருக்கிறது.

தங்கச்சியின் மகன் வந்து டாஸ்க் மனேஜரைத் திறந்தான். சும்மா இருக்கும்போது ஒன்று, இரண்டு சதவீதத்தைத் தாண்டக்கூடாத "சிஸ்டம் இன்டரப்ட்ஸ்", அதாவது உள்ளே உள்ள சாதனங்கள் கூப்பிடும்போது புரொசஸர் அதற்குச் செலவழிக்கும் நேரம், 30ஐத் தாண்டி நின்றது. டிவைஸ் மனேஜரில் வியூ, ரிசோர்சஸ் பை டைப் என்று போய்ப் பார்த்தால் அந்தப் பெரலல் போர்ட் காட், ஓடியோ இரண்டும் ஒரே ஐஆர்கியூ 16இல் (ஐஆர்கியூ என்றால் சாதனம் புரொசஸரைக் கூப்பிடும் வழியின் எண்). ஒரே எண்ணில் இரண்டு இருப்பது மட்டும் பிழை இல்லை, இந்தக் காட் போல பிசிஐ வழியாக போட்டில் இணையும் சாதனங்கள் அப்படிப் பகிரலாம், அந்த எண்ணைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். காட் கூப்பிட்டால் அதன் டிரைவர்தான் "எனக்குரியது" என்று வாங்கி அந்தக் கூப்பாட்டை அடக்க வேண்டும், விண்டோஸ் 7 காலத்து டிரைவர் 11இல் அதைச் செய்யாமல் விட, புரொசஸர் திரும்பத் திரும்ப அதற்கே ஓடியிருக்கிறது. காட்டை டிசேபிள் செய்த அந்த நொடியே கரகரப்பு நின்றது. காட் செய்த கம்பனியின் தளத்தில் புது டிரைவர் இருந்தது, போட்டோம், முடிந்தது, ஒரு சதம் செலவில்லை.

அப்புறம் பெட்டியைக் கழற்றினோம். போட்டின் மூலையில் போன மழைக்கு வந்த ஈசலின் சிறகு ஒன்று தூசியோடு ஒட்டி இருந்தது. மதர்போட் வாங்கியபோது வந்து அலுமாரிக்கு மேல் வைத்திருந்த பழைய மட்டைப் பெட்டியை எடுத்து, அதில் இருந்த சீரியல் நம்பரையும் போட்டின் ஸ்டிக்கரில் இருந்ததையும் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தோம். அதே நம்பர்.

திரும்பப் போய்க் கேட்டேன், "பில்லில் நம்பர் இல்லையே அண்ணன்" என்கிறார். அதனால்தான் சொல்கிறேன், கொடுக்கும் முன்பே மூடியைத் திறந்து அந்த சீரியல் நம்பர் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுங்கள், மாற்றியது என்றால் பழையதைக் கையில் வாங்குங்கள், நம்பர் எழுதிய பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் அந்தத் துண்டுக் கடதாசியையும் மட்டைப் பெட்டியின் படத்தையும் சேர்த்து நேற்று அனுப்பிவிட்டேன்.